பாலூட்டிகளின் பழைய சொந்தக்காரர்கள், எட்டு பொம்மைகளில்: உருவங்கள் அருமை, கையேடுதான் சரியில்லை

பொம்மைகளுக்குத் தாராளமாக நாலரை நட்சத்திரம். கூட வைத்திருக்கும் கையேட்டுக்கு ஒன்றரைக்கு மேல் தர மனசு வரவில்லை. இரண்டையும் கூட்டிப் பொதுவாக மூன்று என்று போட்டுவிட்டுப் போனால் வாங்க நினைப்பவருக்கு ஒன்றும் விளங்காது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பொருள் இதுதான். பாலூட்டிகள் வந்து சேர்ந்த அதே கிளையில் அவற்றுக்கு முன்னால் வாழ்ந்து அழிந்துபோன விலங்குகளின் பொம்மைத் தொகுப்பு. எட்டு உருவங்கள், ஒரு சின்ன மண்டையோடு, ஒரு கையேடு, மடித்து வைத்த ஒரு சுவர்ப்படம். கம்பெனி பெயரை வேண்டுமென்றே போடவில்லை. இதே பெட்டி ஆன்லைனில் நாலைந்து விற்பனையாளர்களின் பெயரில் வேறு வேறு அட்டையோடு வருகிறது, உள்ளே இருக்கும் அச்சு எல்லாவற்றிலும் ஒன்றுதான். மண்டையோடு தனியாக வரும் பெட்டியைப் பார்த்தால் இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை மூவாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. பத்து டைனோசர்கள் ஐநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஊரில் இது அதிகம்தான், ஆனால் அந்த ஐநூறு ரூபாய் டைனோசர்களை உருவாக்கியவர் ஒரு எலும்பைக்கூடப் பார்த்திருக்க மாட்டார், இவற்றை உருவாக்கியவர் நிச்சயம் பார்த்திருக்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லா விற்பனையாளர்களும் இதை டைனோசர் பிரிவில்தான் போட்டிருக்கிறார்கள். எட்டில் ஒன்றுகூட டைனோசர் கிடையாது. டைனோசருக்குத் தூரத்துச் சொந்தம் என்றுகூடச் சொல்ல முடியாத அளவுக்கு விலகிய கிளை இது. ஏறக்குறைய 32 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நிலத்தில் முட்டையிடக் கற்றுக்கொண்ட முதுகெலும்பிகள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு பக்கம் போனதிலிருந்துதான் பல்லி, பாம்பு, ஆமை, முதலை, டைனோசர், பறவை எல்லாம் வந்தன. இன்னொரு பக்கத்துக்கு சினாப்சிட் என்று பெயர், அதில் இன்று உயிரோடு மிச்சமிருப்பது பாலூட்டிகளாகிய நாம் மட்டும்தான். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், உள்ளீடற்றுப்போன பழங்கால மரத்தின் அடித்தண்டுகளுக்குள் கிடைத்த ஆர்க்கியோதைரிஸ் என்ற விலங்குக்கு 30 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயது. 1972-இல் ராபர்ட் ரைஸ் அதை விவரித்து எழுதினார். பார்த்தால் பல்லி என்றுதான் யாரும் சொல்வார்கள், ஆனால் அப்போதே அது நம் பக்கத்து ஆள்.

எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு இந்தப் பெட்டியில் இருக்கும் பதில் அந்தச் சின்ன மண்டையோடு. டைமெட்ரோடானுடையது, நடுவிரல் நீளம்தான் இருக்கும், கீழ்த்தாடை தனியாக அசைகிறது. கண் குழிக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக, ஒரு துளை இருக்கிறது. மலிவான பொம்மைகளில் இந்த இடத்தில் கறுப்பு மையைத் தடவி விட்டுவிடுவார்கள், இதில் நிஜமாகவே துளைத்திருக்கிறார்கள், குச்சியை விட்டால் உள்ளே போகிறது. பல்லி, முதலை, டைனோசர் வகையறாவின் அடிப்படை அமைப்பில் அந்த இடத்தில் பக்கத்துக்கு இரண்டு துளைகள் இருக்கும், சினாப்சிட்களுக்கு ஒன்றுதான். தாடையை மூடும் தசை அந்த வழியாகத்தான் போகிறது. நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துப் பாருங்கள், விரலுக்கு அடியில் ஒரு தசை புடைக்கும். அந்தத் தசை கன்ன எலும்பின் வளைவுக்குள் நுழைந்து தாடைக்கு இறங்கும் இடம்தான் டைமெட்ரோடானிடம் இருந்த அதே துளை, நம்மிடம் அது விரிந்து உருமாறிக் கிடக்கிறது. அக்கா மகளிடம் இதைச் செய்துகாட்டினேன். அதற்கப்புறம் அவள் வீட்டுக்கு வருகிற எல்லாரையும் பல்லைக் கடிக்கச் சொல்லி நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். மூவாயிரத்தில் பாதி அந்த மண்டையோட்டுக்கே தகும்.

அதே மண்டையோட்டில் பற்களையும் கவனியுங்கள். முன்னால் பெரியது, பின்னால் சிறியது என்று அளவு மாறுகிறது. ஊர்வனவற்றில் பெரும்பாலும் எல்லாப் பல்லும் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் இருக்கும். வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் என்று நம் வாயில் இருக்கும் வேலைப் பிரிவினை இந்தக் கிளையில் எவ்வளவு பழையது என்பதற்கு இது கண்ணால் பார்க்கும் சாட்சி. கீழ்த்தாடையில் மெல்லிய கோடுகள் கீறியிருக்கிறார்கள், அது அலங்காரத்துக்கு இல்லை. அந்தத் தாடை பல எலும்புகள் சேர்ந்தது, கோடுகள் அவற்றின் எல்லைகள். நம் கீழ்த்தாடை பக்கத்துக்கு ஒரே எலும்பு. மற்றவை எங்கே போயின என்ற கதைக்குப் பிறகு வருகிறேன், அதுதான் இந்தப் பெட்டியில் இருக்கும் விஷயங்களிலேயே பெரியது.

இனி உருவங்கள். டைமெட்ரோடான் ஒரு சாண் நீளம், தொகுப்பிலேயே பெரியது. வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு கிடப்பது போலத்தான் இதைப் பழைய படங்களில் எல்லாம் போட்டிருப்பார்கள். இங்கே உடல் தரையை விட்டு எழும்பி நிற்கிறது, கிடைத்திருக்கும் காலடித் தடங்களும் அதைத்தான் சொல்கின்றன. முதுகுப் பாய்மரத்தில் ஒவ்வொரு முள்ளின் நுனியும் தோலுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது. சிலருக்கு இது அச்சுப் பிழை போலத் தெரியலாம். 2012-இல் முறிந்து மறுபடி கூடிய முட்களை ஆராய்ந்தவர்கள் தோல் நுனி வரை போயிருக்காது என்ற முடிவுக்கு வந்தார்கள், சிற்பி அதைப் படித்துவிட்டுச் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்தப் பாய்மரம் எதற்கு என்பதில் இன்னும் ஒரு முடிவு இல்லை. வெயிலில் காய்ந்து உடம்பைச் சூடேற்றத்தான் என்று நெடுங்காலம் சொன்னார்கள், இப்போது இணையைக் கவரவும் எதிரியை மிரட்டவும் என்ற பக்கம் சாய்கிறார்கள். கையேடு முதலாவதை மட்டும் முடிந்த உண்மையாக எழுதியிருக்கிறது.

எட்வர்ட் டிரிங்கர் கோப் 1878-இல் டெக்சஸின் செம்மண் பாறைகளிலிருந்து வந்த எலும்புகளுக்கு இந்தப் பெயரை வைத்தார். அது வாழ்ந்து மறைந்து சுமார் 4 கோடி ஆண்டுகள் கழித்துத்தான் முதல் டைனோசர் வருகிறது. டைனோசர் பெட்டிகள் எல்லாவற்றிலும் இதை ஒரு மூலையில் செருகிவைக்கும் பழக்கத்தை இனியாவது விடலாம்.

எடஃபோசாரஸுக்கும் பாய்மரம் உண்டு, ஆனால் இது தாவரம் தின்றது. தலை சிறியது, உடல் பீப்பாய் அகலம், முதுகு முட்களில் குறுக்கே சின்னச் சின்னக் குமிழ்கள். இந்தக் குமிழ்களை ஒவ்வொன்றாகச் செய்திருப்பதைப் பார்த்தபோது மனசு நிறைந்தது. நூறு வருஷத்துக்கு முன்பு பெரிய பெரிய ஆட்களுக்கே இந்த இரண்டும் குழம்பியிருந்தன. 1907-இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்பார்ன், நவோசாரஸ் என்ற பெயரில் ஒரு எலும்புக்கூட்டை நிறுத்தினார். முதுகு எடஃபோசாரஸுடையது, தலையோ டைமெட்ரோடான் வகையைச் சேர்ந்த ஊனுண்ணியினுடையது. முழு எலும்புக்கூடு கைக்கு வராத காலம், கிடைத்த துண்டுகளை வைத்துச் சேர்த்தார்கள், பின்னால் நல்ல மண்டையோடுகள் கிடைத்ததும் திருத்திக்கொண்டார்கள். சினாப்சிட் என்ற பெயரை 1903-இல் வைத்தவரும் இதே ஆஸ்பார்ன்தான். அப்போது அவர் ஆமைகளையும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்த்திருந்தார், பின்னால் வந்தவர்கள் அவற்றை வெளியே எடுத்தார்கள். வகைப்பாடு என்பது இப்படி எலும்பு கிடைக்கக் கிடைக்க மாற்றி எழுதுகிற வேலை. இந்தக் கதைக்குக் கையேட்டில் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மாஸ்காப்ஸ் சுமார். தென்னாப்பிரிக்காவின் கரூ பகுதி விலங்கு, மண்டை உச்சி எலும்பு 10 சென்டிமீட்டர் வரை தடிமன், தலையோடு தலை முட்டிக்கொண்டிருக்கலாம் என்று நினைக்கிறார்கள். வடிவம் சரிதான். நான்கு காலையும் ஒரே மாதிரி நேராக நிறுத்தியிருக்கிறார்கள், முன்னங்கால் இன்னும் பக்கவாட்டில் விரிந்திருக்க வேண்டும். சாயமும் திட்டுத்திட்டாக இருக்கிறது.

இனோஸ்ட்ரான்செவியாதான் தொகுப்பின் நட்சத்திரம். கார்கோனாப்சிட் என்ற வேட்டைக்காரக் குடும்பத்தின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று, நிஜத்தில் 3 மீட்டர் அளவு, வாயைத் திறந்தால் வாள் போன்ற கோரைப்பற்கள். புலிக்கும் சிங்கத்துக்கும் 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் முன்னாடியே இந்தப் பல் வந்துவிட்டது. ரஷ்யாவில் வடக்கு ட்வீனா ஆற்றங்கரையில் விளாதிமிர் அமலித்ஸ்கி 1899 முதல் தோண்டி எடுத்தார். அவர் 1917-இல் இறந்துபோக, விவரங்கள் 1922-இல்தான் அச்சில் வந்தன. அப்புறம் நூறு வருஷம் இது ரஷ்ய விலங்காகவே இருந்தது. 2023-இல் தென்னாப்பிரிக்காவிலும் ஓர் இனத்தைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். பெர்மியன் என்ற காலகட்டத்தின் முடிவில், சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வந்த பேரழிவு நெருங்கும்போது அங்கிருந்த பெரிய வேட்டை விலங்குகள் அழிந்துபோக, காலியான இடத்துக்கு இது வந்து சேர்ந்திருக்கிறது. பொம்மையில் மயிர் இல்லை, வழுவழுப்பான தடித்த தோல். மயிர் இருந்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல எலும்பில் சான்று இல்லாதபோது இதுதான் நேர்மையான முடிவு. ஆனால் எனக்கு வந்த பெட்டியில் ஒரு கோரைப்பல்லின் நுனி உடைந்திருந்தது. படம் எடுத்து அனுப்பினேன், மாற்று உருவம் அனுப்பிவிட்டார்கள், காசு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பல் கடினமான பிளாஸ்டிக், மெல்லியது, சின்னப் பிள்ளைகள் கையில் நிச்சயம் உடையும். ஏழு வயதுக்குக் கீழே வேண்டாம்.

லிஸ்ட்ரோசாரஸை எடுத்தால் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது, பொம்மையால் இல்லை, கையேட்டால். டைசைனோடான்ட் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது இது. இரண்டு தந்தம், மற்றபடி பல் இல்லாத அலகு, கீழ்நோக்கி மடங்கிய முகம், குட்டையான தடித்த உடம்பு, எல்லாம் அப்படியே இருக்கிறது. 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சைபீரிய எரிமலை வெடிப்புகளைத் தொடர்ந்து வந்த பேரழிவில் பெரும்பாலான உயிரினங்கள் போய்விட, இது பிழைத்து, அடுத்த காலகட்டத்தின் பாறைகளில் கூட்டம் கூட்டமாகக் கிடைக்கிறது. கையேட்டில் ஒரு உலக வரைபடம் போட்டு, தென்னாப்பிரிக்கா, அண்டார்டிகா, சீனா, ரஷ்யா என்று புள்ளி வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் விற்கும் பெட்டி, இந்தியாவில் ஒரு புள்ளி இல்லை! வங்காளத்தில் ராணிகஞ்ச் நிலக்கரிப் படுகையின் பாஞ்செட் பாறைகளில் கிடைத்த டைசைனோடான்ட் எலும்புகளைப் பற்றித் தாமஸ் ஹக்ஸ்லி 1865-லேயே எழுதிவிட்டார். அந்தப் பாறைகளில் லிஸ்ட்ரோசாரஸ் கிடைப்பது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். 1969-இல் அண்டார்டிகாவின் கோல்சாக் பிளஃப் என்ற இடத்தில் இதன் எலும்பு கிடைத்து, எட்வின் கோல்பர்ட் அதை அடையாளம் கண்டபோது உலகமே திரும்பிப் பார்த்ததற்குக் காரணம், நீந்திக் கடல் கடக்க முடியாத இதே விலங்கு ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் ஏற்கெனவே கிடைத்திருந்ததுதான். கண்டங்கள் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன என்பதற்கு அது ஒரு பெரிய சான்றானது. அந்தச் சான்றில் பாதியைக் கையேடு விட்டுவிட்டது.

பாஞ்செட்டோடு முடியவும் இல்லை. தெலங்கானாவின் பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கில் எர்ரபள்ளி பாறைகளிலிருந்து கிடைத்த வாடியாசாரஸும் டைசைனோடான்ட்தான், லிஸ்ட்ரோசாரஸுக்குப் பிந்தியது, அதைவிடப் பெரியது, புவியியலாளர் டி.என். வாடியாவின் பெயரைத் தாங்கியது. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் பல பத்தாண்டுகளாக வேலை செய்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் கையில் போகும் புத்தகத்தில் ஒரு வரியாவது இதற்கு வேண்டாமா?

த்ரைனாக்ஸோடான் சுருண்டு தூங்கும் நிலையில் வருகிறது. நிற்கவைக்க முடியவில்லை என்று ஒருவர் ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார், அவருக்காக இதைச் சொல்கிறேன்: இந்த விலங்கின் எலும்புக்கூடுகள் அப்படிச் சுருண்ட நிலையிலேயே கிடைத்திருக்கின்றன. வளைக்குள் ஒடுங்கியபடி செத்து அப்படியே பாறையாகிப்போனவை. அதில் ஒரு வளையை உடைக்காமல் பிரான்சின் கிரெனோபிளில் உள்ள சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியின் எக்ஸ்-கதிரால் ஊடுருவிப் பார்த்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். உள்ளே த்ரைனாக்ஸோடான் மட்டும் இல்லை, பக்கத்திலேயே விலா எலும்பு முறிந்து கூடியிருந்த ஒரு சிறு நீர்நில வாழ்வியும் படுத்திருந்தது. ஒன்றையொன்று தின்ற அடையாளம் இல்லை. வெளியே வறட்சியோ என்னவோ, அடிபட்ட விலங்கு உள்ளே வந்து ஒதுங்க, வீட்டுக்காரர் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்திருக்கிறார்.

இதன் விலா எலும்புகள் மார்புப் பகுதியில் பெரிதாகவும் இடுப்புக்கு மேல் குறுகியும் இருக்கின்றன. உதரவிதானத்தை வைத்து மூச்சிழுக்கத் தொடங்கியதன் அறிகுறியாக இருக்கலாம் என்று இதைப் படிக்கிறார்கள். வாய்க்குள் மூக்குப் பாதையையும் உணவுப் பாதையையும் பிரிக்கும் எலும்பு அண்ணமும் இதற்கு இருந்தது, மென்றுகொண்டே மூச்சுவிட அது வேண்டும். பொம்மையில் இதெல்லாம் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் முகத்தில் பூனைக்கு இருப்பது போல நீள நீளமாக மீசை மயிர் கீறியிருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மேல்தாடையில் இருக்கும் நுண்துளைகளைப் பார்த்து மீசை இருந்தது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். பல்லிகளுக்கும் அந்தத் துளைகள் உண்டு. முகத்து நரம்பு போகும் பாதையை 2016-இல் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், மீசை நம்பும்படியாக வருவது இதற்குப் பின்னால் வந்த, பாலூட்டிகளுக்கு இன்னும் நெருங்கிய சைனோடான்ட்களிடம்தான் என்றார்கள் (த்ரைனாக்ஸோடானும் பாலூட்டிகளும் சேர்ந்த கூட்டத்துக்குத்தான் சைனோடான்ட் என்று பெயர்). இனோஸ்ட்ரான்செவியாவிடம் காட்டிய நிதானத்தை இங்கே காட்டியிருக்கலாம். சைனோக்னாதஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தலை பெரியது, கடி பலமானது, நிறம் த்ரைனாக்ஸோடானுக்கு அடித்த அதே பழுப்பு.

கடைசி உருவம் மார்கனுகோடான். பாலூட்டியா, பாலூட்டிக்கு வாசலில் நிற்பதா என்பது கோட்டை எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூஞ்சூறு அளவு விலங்கு, வாலோடு சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு விரல்நீளத்துக்குச் சற்று அதிகம். அதனால் இந்தப் பெட்டியிலேயே இது மட்டும்தான் ஏறக்குறைய நிஜ அளவில் இருக்கிறது! பெட்டியில் எங்கேயும் இதைச் சொல்லவில்லை. டைமெட்ரோடானுக்குப் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் நாய் அளவு என்றுதான் நினைப்பார்கள். ஒவ்வொரு பொம்மையின் வயிற்றிலும் அளவு விகிதத்தை அச்சிட்டிருந்தால் போதும், அடுத்த பதிப்பில் செய்யட்டும்.

இதன் எலும்புகள் வேல்ஸின் கிளாமர்கன் பகுதியில், சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் அடைந்த மண்ணில் கிடைத்தன. வால்டர் கூனே 1949-இல் பெயர் வைத்தார். இதன் தாடைக்கு இரண்டு கீல்கள். ஊர்வனவற்றிடம் இருக்கும் பழைய கீலும் உண்டு, நம்மிடம் இருக்கும் புதிய கீலும் உண்டு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். டைமெட்ரோடான் மண்டையோட்டின் தாடையில் கோடு போட்டுப் பிரித்திருந்தார்களே, அந்தப் பின்பக்க எலும்புகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் தாடையை விட்டே விலகிக் காதுக்குள் போய்விட்டன. பழைய வீட்டைப் பிரிக்கும்போது தேக்கு நிலையை வீணாக்காமல் புது வீட்டில் வேறு வேலைக்கு வைத்துக்கொள்வது போலத்தான். நம் நடுச்செவியில் இருக்கும் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் அந்தப் பழைய கீலின் இரண்டு பக்கங்கள். செவிப்பறையைத் தாங்கும் வளையமும் தாடையிலிருந்து வந்ததே. இதைப் புதைபடிவம் எதுவும் கைக்கு வராத காலத்தில், 1837-இல், பன்றிக் கருக்களை ஆராய்ந்தே கார்ல் ரைஷர்ட் கண்டுபிடித்துச் சொன்னார். பிறகு வந்த சைனோடான்ட் மண்டையோடுகள் ஒவ்வொரு படியையும் கல்லில் காட்டின. பாலூட்டியை எலும்பில் அடையாளம் காண இதைவிட நல்ல வழி கிடையாது, முடியும் பாலும் பாறையில் தங்காது. இவ்வளவு பெரிய கதைக்குக் கையேடு கொடுத்திருப்பது ஒரே வரி: 'காது நன்றாகக் கேட்கும்.'

பால் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மார்கனுகோடானுக்கு வாழ்நாளில் இரண்டே தடவைதான் பல் முளைத்தது, நம்மைப் போலவே. ஊர்வனவற்றுக்குப் பல் விழ விழ முளைத்துக்கொண்டே இருக்கும். பல்லே இல்லாமல் குட்டி கொஞ்ச நாள் வளர வேண்டுமென்றால் தாய் எதையாவது ஊட்டியிருக்க வேண்டும், அதனால் பால் அப்போதே வந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். ஒன்பதாவதாக ஓர் உருவம் சேர்ப்பதானால் நான் கேட்பது கயென்டாதீரியம். அரிசோனாவில் கிடைத்த ஒரு தாயோடு 38 குட்டிகள் இருந்ததை 2018-இல் அறிவித்தார்கள். எந்தப் பாலூட்டியும் ஒரே ஈற்றில் இத்தனை போடாது, பல்லி வகையறாவின் கணக்கு அது. குட்டிகளின் மண்டையோடும் தாயுடையதைச் சின்னதாக்கியது போலவே இருந்தது, பாலூட்டிக் குட்டிகளின் உருண்டைத் தலை இல்லை. நிறையப் பெற்றுப் போடுவதிலிருந்து, கொஞ்சமாகப் பெற்று மூளையை வளர்ப்பதற்கு மாறியது அதற்கும் பின்னால்தான் என்று தெரிகிறது. முப்பத்தெட்டு குட்டிகளோடு ஒரு தாய் பொம்மை வந்தால் எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்?

இப்போது நான் ஒன்றரை நட்சத்திரம் கொடுத்த விஷயத்துக்கு வருகிறேன். சுவர்ப்படத்தில் எட்டு விலங்குகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அம்புக்குறி போட்டு, கடைசியில் ஒரு மனிதனைக் கொண்டுவந்து முடித்திருக்கிறார்கள். அந்த அம்புகள் எல்லாமே தவறு. டைமெட்ரோடானிலிருந்து எடஃபோசாரஸ் வரவில்லை, இரண்டும் ஒரே காலத்தில் வாழ்ந்த தனித்தனிக் கிளைகள். இலைதழை தின்ற மாஸ்காப்ஸிலிருந்து இனோஸ்ட்ரான்செவியா வரவில்லை. லிஸ்ட்ரோசாரஸின் கூட்டத்துக்கு இன்று ஒரு வாரிசும் கிடையாது. பெர்மியனுக்கு அடுத்து வந்த ட்ரையாசிக் காலகட்டத்தின் முடிவில் போலந்தில் யானை அளவுக்கு வளர்ந்த லிசோவிசியாவோடு ஏறக்குறைய அந்தக் கிளை முடிந்துபோனது. இவை எல்லாம் நமக்குப் பாட்டன் பூட்டன் இல்லை, பெரியப்பா சித்தப்பா வழி. நேர் வழியில் நின்றவர் யார் என்று எலும்பை வைத்துச் சொல்வது மிக அரிது.

கையேடு அதோடு நிற்காமல் மார்கனுகோடானைத் தவிர மற்ற ஏழையும் 'ஊர்வன வகுப்பு' என்று தலைப்பிட்டு அடைத்திருக்கிறது. என் காலத்துப் பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது, அப்போது அதற்கு ஒரு நியாயம் இருந்தது. செதில், குளிர்ந்த ரத்தம், பரந்த கால் என்று பொதுத் தோற்றத்தை வைத்துக் கூட்டம் பிரித்த காலம் அது. அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரோமர் போன்ற பெரியவர்கள் அந்த முறையில்தான் அருமையான வேலைகளைச் செய்தார்கள். ஜெர்மன் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் காட்டிய வழி பரவியதும் கேள்வியே மாறிவிட்டது. எது எது போல இருக்கிறது என்பதை விட்டு, யார் யாரோடு கடைசியாகப் பொது மூதாதையைப் பகிர்ந்துகொண்டார்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்படிக் கேட்டால் டைமெட்ரோடானை ஓணானோடு சேர்க்க வழியே இல்லை, அது நம்மோடுதான் நெருங்கிய சொந்தம். 1988-இல் ஜாக் கோத்தியே, ஆர்னால்ட் க்ளூகி, டிமோதி ரோ ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இந்தக் கிளைகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. சிற்பிக்கு 2012 ஆய்வு வரை எட்டியிருக்கிறது, கையேட்டை எழுதியவருக்கு 1988 எட்டவில்லை.

நாங்கள் சுவர்ப்படத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டு, கூடத்துத் தரையில் கோலப்பொடியால் ஒரு மரத்தை வரைந்தோம். அடியில் ஒரு கோடு, அது இரண்டாகப் பிரிகிறது. இடது கிளைக்கு ஆள் வேண்டுமே என்று பழைய பெட்டியிலிருந்து ஒரு டி-ரெக்ஸ், ஒரு ரப்பர் பல்லி, கொலுப் பெட்டியிலிருந்து ஒரு மண் கோழி. வலது கிளையின் தொடக்கத்திலேயே எடஃபோசாரஸுக்கும் டைமெட்ரோடானுக்கும் இரண்டு கிளைகள் வெளியே போகின்றன. மேலே போனால் தெராப்சிட் என்ற பெருங்கிளை. அதிலிருந்து மாஸ்காப்ஸ் ஒரு பக்கம், லிஸ்ட்ரோசாரஸ் ஒரு பக்கம், இனோஸ்ட்ரான்செவியா ஒரு பக்கம் பிரிகின்றன. மிச்சமிருப்பது சைனோடான்ட் கிளை. அதில் த்ரைனாக்ஸோடானும் சைனோக்னாதஸும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்க, நுனிக்குப் பக்கத்தில் மார்கனுகோடான், அதற்கும் மேலே கொலுவிலிருந்து ஒரு பசு. அக்கா மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ டி-ரெக்ஸுக்குக் கோழிதான் சொந்தமா மாமா? இந்த முதுகுல பாய் வெச்சது பசுவோட பக்கமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கையேட்டின் பக்கங்கள் எல்லாம் சேர்ந்து சொல்ல முடியாததை அந்தக் கோலப்பொடி சொல்லிவிட்டது. பொம்மைகள் இவ்வளவு நன்றாக இருந்ததால்தான் அது முடிந்தது.

சில நடைமுறை விஷயங்கள். பெட்டியைத் திறந்ததும் பெயின்ட் வாடை தூக்கலாக அடிக்கிறது, ஜன்னலோரம் வைத்திருந்தால் போய்விடும். தண்ணீரில் கழுவலாம், சாயம் போகவில்லை. டைமெட்ரோடானின் பாய்மரம் வெயிலில் வளைகிறது, மொட்டைமாடியில் விட்டுவிடாதீர்கள். பாடம் நடத்த வாங்கும் ஆசிரியர்களுக்குச் சொல்வது: மண்டையோட்டுப் பொம்மையைத் தனியாக விற்கும் கடைகளும் இருக்கின்றன, காசு கம்மி என்றால் அதை மட்டுமாவது வாங்குங்கள். கையேட்டைப் பற்றி விற்பனையாளருக்கு விரிவாக எழுதியிருக்கிறேன், இந்தியப் புள்ளியையும் சேர்த்து. பதில் வந்தால் இங்கேயே கீழே சேர்க்கிறேன். அதுவரை பொம்மைகளைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள், சுவர்ப்படத்தை மட்டும் சுவரில் ஒட்டாதீர்கள்.